அழித்த படம்

நாங்கள் மூன்று பேர். பாரிசில் ஒரே அறையில் இருக்கிறோம். ஒருவன் கோப்பை கழுவுகிறான், ஒருவன் மரக்கறி வெட்டுகிறான், ஒருவன் அடுப்படியில் நிற்கிறான். மூவரும் ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் போய், முடிக்காமல் வந்தவர்கள். முடித்திருந்தால் என்று தொடங்கும் கதையை எங்கள் அறையில் யாரும் எடுப்பதில்லை.

2016 இல் மூவரும் காசு போட்டு ஒரு பாவித்த கமெரா வாங்கினோம். வேலை முடிய இரவு பதினொன்றரை ஆகிவிடும். அதற்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சுவது தெருவிளக்கும், எங்காவது ஒரு மூலையில் நடக்கும் பாட்டும்தான். ஓய்வுநாள் கிடைத்தால் ஏதாவது கச்சேரி. ஆகவே வெயிலில் படம் எடுக்க நாங்கள் பழகவேயில்லை.

இருட்டு எங்களுக்குப் புதிதுமல்ல. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் அக்காமார் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்ற, டைனமோவில் பாட்டு வரும். சுற்றுகிறவனின் கை களைத்தால் பாட்டும் இழுபடும். சுற்றியிருந்து கேட்ட அந்த முகங்களை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. இருந்த படங்களும் மிஞ்சவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எங்களில் ஒருவன் வீட்டில் அல்பத்தைப் பொலித்தீனால் சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து கிண்டியபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகக் கிடந்தன.

கமெராவோடு வந்த லென்சை இழுத்துத் தூரத்தைப் பிடித்தால் அதன் வாய் எப் 5.6 வரைதான் திறக்கும். கச்சேரி மேடைக்கு அது காணாது. பிறகு மலிவாகக் கிடைத்த 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை வாங்கினோம். அது எப் 1.8 வரை திறக்கும். எண் சிறுக்க வாய் பெருக்கும். பழையதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். மிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றுவோம். படத்தில் ரவை தூவினாற்போல் புள்ளி விழும். விழட்டும்.

பிளாஷ் போடுவதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் அதன் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். மேடைக்குப் போய்ச் சேராது, முன்னால் இருப்பவர்களின் பிடரியைத்தான் காட்டும். பாடுகிறவருக்கும் இடைஞ்சல். கமெராவின் கணக்கையும் அப்படியே நம்பமுடியாது. மேடையின் பின்புறம் முழுக்கக் கறுப்பாக இருந்தால், அது வெளிச்சம் போதாதென்று நினைத்துப் பாடுகிறவரின் முகத்தை வெளிறடித்துவிடும். முகத்தை மட்டும் அளக்கவேண்டும். சிவப்பு விளக்கில் முகத்தின் நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும். அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கி ஓரளவு காப்பாற்றலாம்.

கையடக்கம்தான் பெரிய பாடம். முழங்கையை விலாவோடு ஒட்டி, தூணில் சாய்ந்து, மூச்சைப் பாதி விட்டு அமத்தவேண்டும். மிருதங்கக்காரரின் கை மேலே போய்த் திரும்பும் கணத்தில் ஒருமுறை நிற்கும். பாடுகிறவர் அடி முடித்து மூச்செடுக்கும்போது ஒருமுறை அசையாமல் இருப்பார். நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கனுக்கு அது போதும். அது எப்போது வரும் என்பதைக் காதுதான் சொல்லும்.

இந்த நகரத்தின் இரவைப் படம் எடுத்துப் பெயர் பெற்றவரும் வந்தேறிதான். 1924 இல் பாரிசுக்கு வந்த ஹங்கேரியர். இயற்பெயர் ஜூலா ஹலாஸ். பிறந்த ஊர் பிராஷோ. அந்த ஊரின் பெயரிலிருந்தே பிராசாய் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். சிகரெட் ஒன்று எரிந்து முடியும் நேரத்தை வைத்து இருட்டை அளந்தாராம். நாங்கள் அவரை நினைப்பது படங்களுக்காக மட்டுமல்ல, அந்தப் பெயருக்காகவும்தான்.

1982 இலிருந்து பிரான்சில் யூன் 21 இல் தெருவெல்லாம் இசைவிழா நடக்கிறது. ரிக்கற் இல்லை. நீ யார் என்று கேட்பாரில்லை. அன்றைக்குச் சூரியன் மறையவே இரவு பத்து மணியாகும். வேலை முடிந்து ஓடிப்போய் எஞ்சியிருக்கும் பாட்டுக்காரர்களைப் பிடிப்போம். எங்கள் பழக்கமெல்லாம் அங்கே வந்ததுதான்.

2017 மாரிகாலத்தில் புறநகர் மண்டபமொன்றில் எங்கள் ஆட்களின் இசைநிகழ்ச்சி. மேடையில் பழைய பாட்டொன்று போய்க்கொண்டிருந்தது. சுவரோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். மேடை வெளிச்சம் அவருடைய முகத்தில் பாதிக்கு மட்டும் விழுந்தது. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. அமத்தினோம். பின்னால் சின்னத் திரையில் பார்த்தபோது மூவரும் பேசவில்லை. அதுவரை நாங்கள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

இடைவேளையில் அவர் வந்தார்.

"தம்பியவை, என்ரை படமும் விழுந்ததோ?"

"ஓம் அண்ணை."

"குறை நினைக்காதேங்கோ, அழிச்சுவிடுங்கோ. வழக்கு இன்னும் முடியேல்லை. நான் இஞ்சை நிக்கிறது ஊரிலை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அம்மா தனிய இருக்கிறா."

அவருடைய கண்முன்னால் அழித்தோம்.

அன்றிரவு அறையில் சண்டை. அழித்தாலும் காட்டில் படம் உடனே போய்விடாது. அதன் இடம் காலி என்று குறித்துவைப்பதோடு சரி. வேறொரு படம் அந்த இடத்தில் வந்து விழும்வரை, கணினியில் மீட்டெடுக்கலாம். எங்களில் ஒருவன் எடுத்து ஒளித்து வைப்போம் என்றான், ஒருவருக்கும் காட்டாமல். மற்றவன், அவர் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னான். படம் கையில் கிடக்கும் வீட்டுக்குச் சோதனை வந்தால் என்ன நடக்குமென்று ஊரில் அறிந்தவர்கள் நாங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு அறைச் சுவரை, சட்டியை, சப்பாத்தை எல்லாம் எடுத்து அந்தக் காட்டை நிரப்பினோம். பிறகு எல்லாவற்றையும் அழித்து மறுபடியும் நிரப்பினோம்.

2019 கோடையில் ஒருநாள் குசினியின் பின்வாசலில் அவர் வந்து நின்றார். யாரையோ விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"வழக்கு வெண்டிட்டுது, தம்பியவை. காட் தந்திட்டாங்கள். அந்தப் படம் எங்கையாவது கிடக்குதோ? அம்மாவுக்கு அனுப்பலாமெண்டு."

"இல்லை அண்ணை. அண்டைக்கே அழிச்சுப்போட்டம்."

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். "அப்ப உண்மையாத்தான் அழிச்சனீங்கள்" என்றார். சந்தோஷமா கவலையா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கமெரா அறையிலிருந்தது. ஒருவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். பின்வாசல் விளக்கின் கீழ் அவரை நிறுத்தினோம். சேட்டை இழுத்துவிட்டு, தலையை வாரி, அகதி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க நிற்பதுபோல் நேராக நின்றார். கண்ணை மூடுங்கோ அண்ணை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. படம் நல்ல துலக்கமாக வந்தது. அம்மா அதைச் சுவரில் மாட்டியிருக்கிறாவாம்.