பராபரன், தேவன், கடவுள்

வேதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது என்பார் பலர். எந்த ஏட்டின் எழுத்தை என்று கேட்கத் தோன்றும் எனக்கு. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டையா? பின்வந்த பப்ரிசியுஸ் இறைவனைப் 'பராபரன்' என்றார். 1871-இல் வெளிவந்த பவர் பதிப்பு 'தேவன்' என்றது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. பவர் பதிப்பு வந்தபோது, பப்ரிசியுஸ் நடையில் தோய்ந்திருந்த லுத்தரன் சபையார் அதனை எளிதில் ஏற்கவில்லை. பழகிய சொல்லின் இனிமை அத்தகையது. நானும் பவர் நடையில் மனனம் செய்த வசனங்களைச் சொல்லித்தான் இன்றும் ஜெபிக்கிறேன்.

ஆயினும், இந்திரனைத் தேவர்கோன் என்று இலக்கிய வகுப்பில் படித்த மாணவன், 'தேவன் என்றால் பலருள் ஒருவரா?' என்று கேட்பது நியாயமே. 'அப்படித்தான் எழுதியிருக்கிறது' என்று அவன் வாயை அடைப்பதை வேத விசுவாசம் என நான் கருதவில்லை. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் 'ஏலோகிம்' என்னும் எபிரேயச் சொல் வடிவில் பன்மை. அதற்குரிய 'படைத்தார்' என்னும் வினையோ ஒருமை. இலக்கணம் அறிந்த மாணவனுக்கு இதைவிடச் சுவையான விடை வேறேது? போதகர் அதனைத் தேடிக் கற்றுச் சொல்ல வேண்டும். பிரசங்கம் ஆயத்தம் செய்கையில் இரு பதிப்புகளையும் அருகருகே விரித்து வைத்தே படிக்கிறேன்.