ஏ டிரைவ்

அப்பாவின் டிடிபி கடையிலிருந்து வீட்டில் மிஞ்சியது ஒரு டப்பா ஃபிளாப்பி. ஒன்றின் லேபிளில் அவர் கையெழுத்தில் 'பெரியவ கல்யாணம்' என்றிருந்தது. பெரியவ என் அக்கா. கல்யாணம் 1999-ல். அந்தப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் இல்லை. அன்றைக்கு நின்ற பேச்சு, அப்பா போகும்வரை திரும்பவில்லை. "உங்கப்பாதான் பேர எடுத்தாரு, அவரு பிடிவாதம் அப்படி" என்பாள் அம்மா.

பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்க எமுலேட்டரில் விண்டோஸ் 98 போட்டேன். பேஜ்மேக்கரும் தமிழ் ஃபான்ட்டும் அப்பாவின் சிடிகளில் இருந்தன. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கி, லினக்ஸில் டிடி கட்டளையால் இமேஜ் எடுத்து மாட்டினேன். ஏ டிரைவை க்ளிக் செய்தால் 'டிவைஸ் தயாராக இல்லை'.

ராத்திரி முழுக்க எமுலேட்டர் செட்டிங்ஸைக் குடைந்தேன். விடியும்போதுதான் இமேஜின் அளவைப் பார்த்தேன். ஃபிளாப்பிக்கு 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. என் இமேஜ் 5 கேபிகூட இல்லை. முதல் கெட்ட செக்டரிலேயே டிடி நின்றுவிட்டது, அதை டெர்மினலில் சொல்லியும் இருந்தது. ஆபீஸில் ஜூனியர்களிடம் 'எர்ரர முதல்ல படிப்பா' என்று சொல்கிற ஆள் நான்.

டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தையெல்லாம் படிக்கும். அதில் முழு இமேஜ் கிடைத்தது. இப்போது ஏ டிரைவ் திறந்தது, உள்ளே இரண்டு ஃபைல். இரண்டுமே திறக்கவில்லை.

கெட்ட செக்டர் இருந்தது ஃபேட் அட்டவணையில். ஒரு ஃபைலின் துண்டுகள் எந்த வரிசையில் எங்கெங்கே கிடக்கின்றன என்று சொல்வது அதுதான். ஃபிளாப்பியில் அதற்கு இரண்டு பிரதி உண்டு: 1 முதல் 9 வரை ஒன்று, 10 முதல் 18 வரை இன்னொன்று. இரண்டாவது சேதமில்லாமல் இருந்தது. அதை எடுத்து முதலாவதின் மேல் எழுதினேன்.

முதல் ஃபைல், இரவு 7.10. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் பெயரே சித்தப்பாதான். இரண்டாவது ஃபைல், அதே இரவு 11.46. அந்த வரி இல்லை.

நடுவில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் முறத்தில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழசெல்லாம் இப்ப எதுக்குடா."

முதல் ஃபைலின் ஸ்க்ரீன்ஷாட்டை சித்தப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"தம்பி, அந்த தேதி, நேரமெல்லாம் சரியாத்தான இருக்கும்?"

"மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தா தப்பா விழும் சித்தப்பா. ஆனா உங்க பேரு அப்பா அடிச்சதுதான்."

"இனிஷியலோட அடிச்சிருக்கான்" என்றார்.