உள்பக்கச் செய்தி

காலையில் பேப்பரைத் தொடாதீர்கள், மனசு கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தெரிந்தவர்கள் சிலர் சந்தாவையே நிறுத்திவிட்டார்கள். வீட்டிலும் கேள்வி உண்டு: "விடிஞ்சும் விடியாம எதுக்குங்க இந்தச் சாவுச் சேதியெல்லாம்?" அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொலை, விபத்து, தற்கொலை என்று நாலு பக்கம் புரட்டுவதற்குள் நெஞ்சு கனத்துப்போகிறது. ஆனாலும் படிக்கிறேன். படிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு டீக்கடையில் ஒட்டிக்கொண்டது. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில் செய்தி போட்டதால், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் வாசகர்களானார்கள். எங்கள் ஊர்க் கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக யாராவது சத்தமாக வாசிப்பார். எங்கோ லாரி மோதி ஒருவர் இறந்த செய்தி வந்தால் பெஞ்சிலிருந்து குரல் எழும்: "எந்த ஊராம்? என்ன வயசாம்? புள்ளகுட்டி இருக்காமா?" வாசித்தவர் மறுபடி மேலே போய்த் தேடிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த செய்தி. இறந்தவருக்கு ஊரும் வயதும் குடும்பமும் உண்டு என்பதை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தப் பெரியவர்களைப் போலச் செய்தி படிக்கிறவர்களை நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை. வெறும் தலைப்புகளை மேய்வதில்தான் மனசு மரத்துப்போகிறது என்பது என் எண்ணம்.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது, அறைகள் தரைமட்டமாயின, உடல்கள் பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டன, போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டால் முன்பு வந்த செய்தியேதான். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருக்கும்போது அதற்கு மேல் ஆளை உட்காரவைத்தது யார்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியது யார்? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியபோதும் இதே கேள்விகள் எழுந்தன. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்து வெடிவிபத்தின்போதும் எழுந்தன. நாள் கடந்தால் செய்தி உள்பக்கத்துக்குப் போகிறது, அப்புறம் அங்கேயும் இல்லை.

படிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கும்பகோணத்தைச் சொல்வேன். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக்கூரையில் பற்றி 94 பிள்ளைகள் இறந்தார்கள். தமிழ்நாடே அதைப் படித்து அழுதது, கோபப்பட்டது. அதன்பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகள் இறங்கின. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் திரும்பிவிடவில்லை. தீர்ப்பு வரவே 2014 ஆகிவிட்டது. ஆனாலும் இன்று ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் கீழே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளின் உயிரில் அந்தக் கோபத்துக்குப் பங்குண்டு.

அப்படிப்பட்ட கோபம் கிடைக்காத சாவுகளும் இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கி இறப்பவர்களின் செய்தி பெரும்பாலும் நாலைந்து வரிதான். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றப்போன இரண்டாமவரும் விழுவார். மனிதரை இந்த வேலைக்கு இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்துவிட்டது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. அந்த நாலைந்து வரிச் செய்திகளை அதற்குப் பிறகும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா, ஆளை இறக்கிய ஒப்பந்ததாரர் தண்டிக்கப்பட்டாரா என்பது மறுபடி அச்சில் வருவது அபூர்வம்.

பத்திரிகைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தங்கம் விலைக்குத் தினமும் இடம் ஒதுக்குகிறீர்கள், ராசிபலனுக்கும் ஒதுக்குகிறீர்கள். வாரத்தில் ஒருநாள் அரைப் பத்தி கொடுங்கள். போன வருஷம் இதே வாரத்தில் போட்ட ஒரு சாவுச் செய்தியை எடுத்து, அந்த வழக்கு இப்போது எங்கே நிற்கிறது, நிவாரணம் வந்ததா, அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள்.