எடுப்பில் ஒரு தயக்கம்

“எடுப்புல திணறுதா சார், ஓட்டத்துல திணறுதா?”

பானெட்டைத் திறக்கும் முன்பே பாய் கேட்டார். புதுப்பேட்டை ஆதித்தனார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கழற்றிய கதவுகளும் பம்பர்களும் சுவரோரம் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும் இடத்தில் அவருடைய பட்டறை. பட்டறை என்றால் தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், இரண்டு பையன்கள். நான் கொண்டுபோனது மாமனாரின் 1986 அம்பாசிடர். மார்க் 4, பெட்ரோல். இரண்டு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருப்பவர் ஹாரன் அடித்த பிறகே நகரும்.

“எடுப்புலதான் பாய். வேகம் பிடிச்சிட்டா ஓடுது.”

“சூடானப்புறமும் அப்படியேதானா? மைலேஜ் எவ்ளோ?”

ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தது ஏழுக்கு இறங்கிவிட்டது என்றேன். பையனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முன்பு போன ஓர் இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். பிறகு அதையே மாற்றச் சொன்னார்கள். பாயோ முதல் ஒரு மணி நேரம் கார்புரேட்டர் மீது கையே வைக்கவில்லை. “இழுவை இல்லன்னா எல்லாரும் இவன் கழுத்தத்தான் புடிப்பாங்க. பாதி நேரம் கரண்ட்டுலதான் கோளாறு இருக்கும்” என்றார்.

பையனை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொன்னார். ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து, பட்டாம்பூச்சி வால்வு முழுதாக நிமிர்கிறதா என்று பார்த்தார். நிமிர்ந்தது. அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்தார், 0.40 மில்லிமீட்டர், சரியாகவே இருந்தது. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வாக்குவம் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே பாயிண்ட் தட்டு லேசாகத் திரும்பியது. உறிஞ்சியபடியே நாக்கால் குழாய் முனையை அடைத்துப் பிடித்துக்கொண்டு, கையால் எங்களைப் பொறுக்கச் சொன்னார். தட்டு திரும்பியது திரும்பியபடி நின்றது. நாக்கை எடுத்ததும்தான் பழைய இடத்துக்கு வந்தது. உள்ளிருக்கும் டயாபிரம் கிழிந்திருந்தால் தட்டு நிற்காது. ஓட்டத்துக்கேற்ப டைமிங் முந்தாமல் வண்டி சோம்பிப் போகும். இதற்குத் தனிக் கருவி உண்டு. வாங்கவில்லையா என்று கேட்டதற்கு, நாக்குக்கு பேட்டரி போட வேண்டியதில்லை என்றார்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் வரிசை குலையாமல் ஒரு பழைய துணியில் வைத்தார்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்ல எரிப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருந்தால் அதிகம். நான்கும் கரிக்கட்டை.

எடுப்பில் இப்படித் திணறும் வண்டிக்குப் பெரும்பாலும் பெட்ரோல் போதாமல்தான் இருக்கும். இங்கே பிளக்குகளோ பெட்ரோல் மிஞ்சுகிறது என்கின்றன. பாய் டீ சொன்னார்.

டீக்குப் பிறகு பிளக்குகளை மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி, சோக்கைக் கொஞ்சம் இழுத்துவைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினார். திணறல் பாதியாகக் குறைந்தது. அதே சோக்கோடு வேகத்தை ஏற்றி நிறுத்தினால் இன்ஜின் மூச்சுமுட்டியது, சைலன்சரில் கரும்புகை. ஆக, எடுக்கும் நொடியில் பட்டினி, ஓட்டத்தில் அஜீரணம். கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

இன்ஜினை நிறுத்தினார். “இப்ப உள்ள பாருங்க சார்.” கார்புரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்து, கையாலேயே வால்வைச் சடாரென்று திறந்தார். அந்தக் கணத்தில் ஒரு சின்னக் குழலிலிருந்து பெட்ரோல் நூல்போலப் பீச்சியடிக்க வேண்டும். வந்தது ஒரு சொட்டு. அதுவும் யோசித்து வந்தது.

“காத்து லேசு, கதவத் தொறந்ததும் ஓடி வந்துரும். பெட்ரோல் கனம், மெதுவாத்தான் வரும். அந்த இடைவெளிக்குத்தான் இந்த பம்ப்.” ஆக்சிலேட்டர் பம்ப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

கார்புரேட்டரை அப்போதுதான் கழற்றினார். பம்ப்பின் டயாபிரம் காய்ந்த அப்பளம்போல விறைத்து, ஓரத்தில் வெடித்திருந்தது. “எல்லாம் இந்த ஸ்பிரிட்டு கலந்த பெட்ரோலு” என்றார். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது என்பது உண்மைதான். எத்தனாலில் ஆக்சிஜனும் சேர்ந்திருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று மெலிந்தும் போகும்; கம்ப்யூட்டர் வைத்த வண்டி அதை உணர்ந்து சரிசெய்துகொள்ளும், சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்த டயாபிரம் எந்த வருடத்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முழுப் பழியையும் பங்க்காரர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கோளாறு மெயின் ஜெட்டில் இருந்தது. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம்: 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். பித்தளையில் அவ்வளவு துல்லியமாகப் போட்ட துளையில் யாரோ கம்பியை விட்டுக் குடைந்திருந்தார்கள். பாய் அதை வெயிலில் பிடித்துக் காட்டினார். வட்டம் வட்டமாக இல்லை. எண்ணுக்குப் பொருத்தமான டிரில் பிட்டின் தண்டை நுழைத்தார். அது உள்ளே கிடந்து ஆடியது. பம்ப் செத்ததைக் கவனிக்காமல், எடுப்பு வரட்டும் என்று ஜெட்டைப் பெருக்கிவிட்டார்கள். எடுப்பும் வரவில்லை, மைலேஜும் போனது. நான் ஏழு என்றபோது பையனைப் பார்த்தாரே, அது இதற்குத்தான். “ஜெட்ட ஊதித்தான் சுத்தம் பண்ணணும். குத்துனா அது வேற ஜெட்டு.”

டயாபிரம் வாங்க ஒரு பையன் ஜி.பி. ரோட்டுக்குப் பறந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. மாசு விதிகள் இறுகி, புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விலகத் தொடங்கியது 2000-ஐ ஒட்டிய வருடங்களில். அவன் பிறந்தது அதற்கும் பிறகு. அம்பாசிடர் உற்பத்தி உத்தர்பாராவில் 2014-இல் நின்றபோது பள்ளிக்கூடப் பையன். ஆனால் பிரித்த சோலெக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிறான். ஜெட்டுக்குக் கடை தேவைப்படவில்லை. ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, செத்துப்போன கார்புரேட்டர்களின் ஜெட்டுகளிலிருந்து ஒன்றைப் பாய் தேடி எடுத்தார். கூடவே புது கேஸ்கெட், ஃப்ளோட் மட்டம், ஸ்லோ ஸ்பீடு என்று அரை மணி நேரம்.

காந்தி இர்வின் பாலத்து ஏற்றத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாலத்துக்கு முன் சிக்னல். பச்சை விழுந்தது. வழக்கம்போல நான் முன்கூட்டியே ஆக்சிலேட்டரை அமுக்கிவைத்துக்கொண்டு கிளட்சை விட, வண்டி தவளைபோல எகிறியது. பாய் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டி சரியாயிடுச்சு சார். உங்க காலுதான் இன்னும் பழைய வண்டிய ஓட்டுது.”

பாலம் ஏறி இறங்கி, எழும்பூரைச் சுற்றி இன்னும் இரண்டு சிக்னல் நின்று கிளம்பிய பிறகுதான் பட்டறைக்குத் திரும்பலாம் என்றார்.