யாரோ கூலிக்காரர்கள் என்று சொன்னேன்

நாமகிரிப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் சவாரி போய்க்கொண்டிருந்தேன். ஆட்களிடம் காசு வாங்கிக்கொண்டு, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரைச் செத்த ஊர் என்று காட்டினேன். அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த என் சொந்தத் தாத்தாவை இல்லை என்று சொன்னேன். இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன்.

2018 டிசம்பரில் தங்கவயலைக் களமாக வைத்த 'கே.ஜி.எஃப்' படம் வந்தது. எங்கள் ஊரில் மஞ்சள் வரத்து ஓய்ந்துவிட்டால் வண்டிக்குச் சவாரி குறைந்துவிடும். கோயில் சவாரியும் எல்லா மாதமும் கிடைக்காது. அந்தச் சமயத்தில்தான் நமீபியப் பாலைவனத்தில் இருக்கும் கோல்மன்ஸ்கோப் என்ற ஊரின் படங்களைப் போனில் பார்த்தேன். 1908-இல் அங்கே வைரம் கிடைத்தது. ஜெர்மன்காரர்கள் மாளிகைகள் கட்டினார்கள். வைரம் தீர்ந்ததும் ஊர் காலியாகி, 1956-க்குப் பிறகு யாருமே இல்லை. இன்று அறைகளுக்குள் இடுப்பளவு மணல் கிடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். நம் பக்கத்திலும் இப்படி ஓர் ஊர் இருக்கிறதென்று சொன்னால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டேன். 'ஒரே நாளில் ஆளில்லாத தங்க நகரம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். கூட்டம் வந்தது.

விடியும் முன்பே கிளம்பி, ராசிபுரம், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, குப்பம் என்று மூன்று மாநிலங்களை மிதித்து, காலைப் பலகார நேரம் தாண்டிப் போய்ச் சேருவோம். வழியெல்லாம் மைக்கில் பேசிக்கொண்டே வருவேன். பேசியதில் வரலாறு தப்பில்லை. 1873-இல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்ட லவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியே வந்து சேர்ந்த மின்சாரம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கம், 120 வருஷத்தில் எடுத்த ஏறக்குறைய 800 டன் தங்கம். பெங்களூர்த் தெருக்களுக்கு முன்பே தங்கவயலுக்குக் கரண்ட் வந்துவிட்டது என்றால் வேனில் கை தட்டுவார்கள். அந்தக் கை தட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்டின் இரும்புக் கோபுரத்தைத் தூரத்தில் நின்று காட்டுவேன். வெள்ளைக்கார துரைகள் இருந்த ஓட்டு பங்களாக்கள், கிளப், கடைசியாக சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் அது. கோடிக்கணக்கான டன் குவிந்து குன்றுகளாகக் கிடக்கிறது. படத்தில் வந்த இடம் என்று பிள்ளைகள் ஏறி ஓடுவார்கள்.

தொழிலாளர் லைன் வீடுகள் இருக்கும் பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பவே மாட்டேன். நேரமில்லை என்று சொல்வேன்.

காரணம், என் அம்மாவின் அப்பா அந்த லைன் ஒன்றில்தான் இருந்தார். மீசை முளைக்கும் முன்பே நாமகிரிப்பேட்டைச் சேரியிலிருந்து போனவர், சாம்பியன் ரீஃபில் பாறைக்குத் துளை போடும் மெஷின் பிடித்தார். அடி ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். அங்கே இறங்கி ஏறியவர், வேலையை விட்டு ஊர் திரும்பியபோது நுரையீரல் முழுக்கக் கல்தூசி. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் படுத்துத் தூங்கி ஒரு ராத்திரிகூடப் பார்த்ததில்லை. கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, உட்கார்ந்தபடியே மூச்சை இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கும்.

தாத்தா என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், 'மைசூர்ப் பக்கம் கம்பெனி வேலை' என்று சொல்லத்தான் வீட்டில் பழக்கியிருந்தார்கள். தங்கவயலுக்கு யார் போனார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரிச் சேரிகளிலிருந்துதான் பெரும்பாலும் போனார்கள். சுரங்கம் என்றால் அடுத்த கேள்வி எந்தத் தெரு, அதற்கடுத்தது சாதி. அப்பாவுக்கு வேலை கிடைத்து, யாரும் எங்களைக் கேட்காத தெருவுக்குக் குடி வந்திருந்தோம். என் வேனில் மஞ்சள் மண்டிக்காரர் குடும்பங்களும் வாத்தியார்களும் வருவார்கள். உண்மை தெரிந்தால் என் தண்ணீர் கேனில் குடிக்காமல் இருப்பார்களோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு முகாந்திரம் உண்டு. ஆனால் அதைக் காட்டி நான் செய்ததை நியாயப்படுத்த முடியாது. பயந்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். நான் காசுக்கு மைக் பிடித்துப் பொய் சொன்னேன்.

ஒருமுறை பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, இவ்வளவு ஆழத்துல எறங்கி வேல செஞ்சவங்க யாரு?"

"யாரோ எங்கிருந்தோ வந்த கூலிக்காரங்க சார். எல்லாம் போயிட்டாங்க."

யோசிக்காமல் வந்த பதில் அது. அன்றைக்கே மேட்டடியில் ஒரு பாட்டி எங்களிடம் வந்தார். பிள்ளைகளை இறக்கச் சொன்னார். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது, அதில் போய்ப் பிள்ளைகளை விளையாட விடலாமா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த ஊருப்பா நீங்க?" என்றார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க லைன்ல சேலத்துக்காரங்க நெறைய பேரு இருந்தாங்க. உங்க வீட்ல யாராச்சும் இங்க வேல செஞ்சாங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

திரும்பும்போது வேனில் ஒருவர் தான் எடுத்த படங்களைக் காட்டினார். அதில் ஒன்று 'பாழடைந்த வீடு'. தகரக் கூரை, இடிந்த சுவர். வாசலில் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது படவில்லை. ஆளில்லாத ஊர் என்று நான்தான் சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன். வாய் திறக்காமல் வண்டியை ஓட்டினேன்.

அந்த மைக்கில் நான் சொல்லியிருக்க வேண்டியது நிறைய. அயோத்திதாச பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலின் மாரிகுப்பம் பெரிய பலமாக இருந்தது. அவர் மறைந்த பிறகு, சுரங்கத் தொழிலாளர்கள் நடுவிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான் அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது. 1930-இல் கைரேகை பதியச் சொன்ன கம்பெனிக்கு எதிராக ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1965-இல் உலக விஞ்ஞானிகள் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். அந்த ஆழம் தொழிலாளர்கள் தோண்டியது. 2001 பிப்ரவரி 28-இல், சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்தது. ஆட்கள் போய்விடவில்லை. பிழைப்புக்காக மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நான் போனதும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சவாரியை நான் மனம் திருந்தி நிறுத்தவில்லை. 2020 ஊரடங்கில் தானாக நின்றது. வண்டி சும்மா நின்ற அந்த மாதங்களில்தான் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்து ஹம்பர்ஸ்டோன் பற்றிப் படித்தேன். வெடியுப்பு எடுத்த ஊர், 1960-இல் மூடிவிட்டார்கள். ஊர் காலியானாலும் அங்கே வேலை செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருஷாவருஷம் நவம்பரில் திரும்பி வந்து கூடுகிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இது எங்களுடையது என்று அவர்கள் சொன்னார்கள். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த நான், ஆளே இல்லை என்று சொல்லிக் காசு பார்த்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. 'உனக்குப் பொய் சொல்லப் பழக்கினதே நாங்கதானே' என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. வாட்ஸ்அப் குழுவில் என்னோடு வந்த அத்தனை பேருக்கும், அந்தக் கூலிக்காரர்களில் ஒருவர் என் தாத்தா என்று எழுதிப் போட்டேன். சிலர் போன் செய்து பேசினார்கள். சிலர் குழுவை விட்டு விலகினார்கள். வண்டிக்கு வரும் மற்றச் சவாரிகளும் குறைந்திருக்கின்றன.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் 'மைசூர்ப் பக்கம் வேலை' என்று மூடி வைத்த வீடு எங்களுடையது மட்டுமாக இருக்க முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், எந்தச் சுரங்கம், எந்த லைன், என்ன வேலை என்று அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். என் தாத்தாவின் லைன் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. கேட்டால் வெட்கம் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.