மட்கார்டின் மேல் ஒரு கண்டபேரண்டம்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருகிறவர்கள் ரங்கநாதர் கோயில், தரியா தௌலத், கும்பஸ் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் மைசூருக்குத் திரும்பிவிடுவார்கள். நான் தேடிப் போனது கஞ்சாம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை. போர்டு கிடையாது, வாசலில் தொங்கும் துருப்பிடித்த ரிம்கள்தான் அடையாளம். உள்ளே இரண்டு பேர். சைக்கிள் வேலை பாயுடையது. பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு தமிழரின் கடையில் தொழில் பழகியவர், தமிழ் சரளமாக வருகிறது. பித்தளை வேலை செய்பவர் வயதான ஆச்சாரி, பாத்திரம் அடித்துப் பழகிய கை. கன்னடம் மட்டும் பேசுவார். பாய் எனக்கு எடுத்துச் சொன்னார்.

அன்றைக்குக் கவிழ்த்துப் போட்டிருந்தது ஒரு பழைய ராலி, நாட்டிங்ஹாமில் செய்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல்தான் தொடங்கியது. அசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலை அதற்கும் பிறகு வந்தது. அதுவரை நம் ஊர்களில் ஓடிய நல்ல வண்டிகள் பெரும்பாலும் கப்பலில் வந்தவைதான். இந்த வண்டி பாண்டவபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பால் சுமந்தது. தாத்தா போய்ச் சேர்ந்தபின் மாட்டுக்கொட்டகையில் கிடந்ததைப் பேரன் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

பழைய வண்டியைப் பிரிக்கும்போது முதல் சோதனை காட்டர் பின். கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்கும் சின்ன ஆப்பு அது. துரு ஏறிவிட்டால் லேசில் வராது. பாய் ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார்; அடி விழும்போது உள்ளே இருக்கும் பால்ஸுக்கும் கப்புக்கும் சேதம் வரக் கூடாது. பிறகு பெரிய சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. பின் தெறித்து விழுந்தது. "பயந்து பயந்து தட்டினா தலை மழுங்கி உள்ளேயே விரிஞ்சிக்கும் சார். அப்புறம் டிரில்தான் போடணும்" என்றார்.

துருவை எடுப்பதற்கு அவர் கடையில் ஆசிட் கிடையாது. மூலையில் ஒரு டிரம்மில் கறுப்பாக, புளித்த வெல்ல வாடையோடு ஒரு கரைசல். கரும்பாலைக் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மண்டியா கரும்பு மாவட்டம், 1933-லிருந்து அங்கே சர்க்கரை ஆலை உண்டு, பாகுக்குப் பஞ்சமில்லை. இரும்புச் சாமானை அதில் போட்டு வாரக்கணக்கில் மறந்துவிட வேண்டும். பாகு துருவைப் பற்றிக் கரைக்கும், நல்ல இரும்பை ஏறக்குறைய விட்டுவிடும். அலுமினியத்தை மட்டும் போடக் கூடாது, அரித்துவிடும். ஆசிட் நிமிடங்களில் முடிக்கும் வேலைதான். ஆனால் அது துரு எது, இரும்பு எது என்று பார்ப்பதில்லை.

வண்டிக்குப் புது பெயின்ட் அடிக்கவும் பாய் சம்மதிப்பதில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, கறுப்பு எனாமலுக்கு மேல் கையால் இழுத்த தங்க நிறக் கோடு மெல்ல வெளியே வந்தது. அங்கங்கே அறுந்திருந்தது. அறுந்தது அறுந்தபடியே இருக்கட்டும் என்று மெழுகு மட்டும் தேய்த்தார்.

இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். சண்டை வந்தது முன் மட்கார்டில்.

அங்கே ஒரு பித்தளைப் பறவை இருந்தது. கண்டபேரண்டம்: மைசூர் உடையார்களின் சின்னம், இன்றைக்குக் கர்நாடக அரசின் முத்திரையிலும் நிற்கிற இரட்டைத் தலைப் பறவை. ஒரு தலை உடைந்து போயிருந்தது. தாத்தா காலத்தில் உள்ளூர்க் கைவினைஞர் யாரோ பாத்திரத் தகட்டில் அடித்துக் கொடுத்தது. வண்டியை விலைக்குக் கேட்டு வந்த ஒருவர், "அதைக் கழற்றிப் போடுங்கள், ஒரிஜினலாக இருந்தால்தான் விலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேரன் தடுமாறிப் போய்ப் பாயிடம் கேட்டிருக்கிறார்.

எனக்கு இதில் தடுமாற்றமே இல்லை. ராலியின் செயின் வீலைக் கவனித்துப் பாருங்கள், மூன்று நாரைத் தலைகள் வெட்டியிருக்கும். சேகரிப்பவர்கள் அந்த நாரைக்காகவே காசு கொடுக்கிறார்கள். நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் அச்சு இயந்திரம் வெட்டிய பறவை ஒரிஜினல்; காவிரிக் கரையில் ஒரு மனிதன் உட்கார்ந்து அடித்த பறவை மட்டும் எப்படி அழுக்காகும்? அந்த நாரை லட்சக்கணக்கான வண்டிகளில் இருக்கிறது. இந்தக் கண்டபேரண்டம் உலகத்தில் ஒரே வண்டியில்தான் இருக்கிறது. வண்டியை நாட்டிங்ஹாம் செய்தது, அந்தக் குடும்பத்துச் சைக்கிளாக அதை ஆக்கியது இந்தப் பறவைதான்.

பாயும் அதே கட்சி. வேலை ஆச்சாரியிடம் போனது.

காயலான் கடையிலிருந்து எடைக்கு வாங்கிய ஓட்டைப் பித்தளைக் குடம் ஒன்றை எடுத்தார். கழுத்தை அறுத்து நீக்கிவிட்டு வயிற்றுப் பகுதியைத் தகரக் கத்திரியால் வெட்டி, மரக் கொட்டாப்புளியால் தட்டிச் சமமாக்கினார். பிறகு கொட்டகையின் இருட்டான மூலைக்கு உலையைத் தள்ளிக்கொண்டு போனார். வெயிலில் சூடாக்கினால் தகட்டின் நிறம் தெரியாது. மங்கலாகச் சிவக்கும்போதே எடுத்தாக வேண்டும், விட்டால் உருகிப் போகும். தண்ணீரில் தோய்த்து எடுத்ததும் கையால் வளைக்கிற அளவுக்குத் தகடு இளகியிருந்தது.

அடுத்தது அரக்குச் சட்டி. குங்கிலியம், செங்கல் தூள், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கலவை. வெயில் காலத்தில் செங்கல் தூள் கூடும், குளிரில் எண்ணெய் கூடும். அதன் மேல் தகட்டைப் பதித்து, பின்புறத்திலிருந்து பறவையின் மார்பைப் புடைக்க வைத்தார். பிறகு சூடுகாட்டித் தகட்டைப் பெயர்த்துத் திருப்பி, முன்பக்கத்திலிருந்து இறகுகள். இறகு ஒன்றுக்கு ஒரு அடிதான். பிறை வடிவ முனை கொண்ட உளி. அந்த உளிகள் உடைந்த கிராங்க் அச்சுகளிலிருந்து அவரே செய்தவை. அச்சைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு, அரத்தால் ராவி முனை செய்து, மறுபடி தோய்ச்சல் கொடுத்திருக்கிறார். சைக்கிளின் செத்த உறுப்பு சைக்கிளுக்கு நகை செய்கிறது.

அடித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பாய் சொன்னார்: "சத்தம் மாறிடுச்சு சார்." மந்தமாக விழுந்துகொண்டிருந்த அடி கணீரென்று கேட்கத் தொடங்கியிருந்தது. அடிபட அடிபடத் தகடு விறைத்துப் போகிறது. அதற்குமேல் அடித்தால் கழுத்தில் கீறல் விடும். மறுபடி உலை, மறுபடி தண்ணீர், மறுபடி அரக்கு.

பழைய பறவையின் கண் அளவுக்கு மீறிப் பெரியது, அலகு கட்டை. ஆச்சாரி புதிய தலையையும் அப்படியே செய்தார். கொஞ்சம் எடுப்பாகச் செய்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னதைப் பாய் தமிழில் தந்தார்: "செஞ்சவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. நான் திருத்த வரல." பழைய தலையும் புதிய தலையும் சேரும் இடத்தில் வெங்காரம் வைத்துப் பற்றவைத்து, பின்புறம் ஒரு பட்டை கொடுத்தார். குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்து அதிர்ந்துதான் முதல் தலை போயிருக்கிறது.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பார்க்கும்போது இன்னொன்று நினைவுக்கு வராமல் போகாது. 1799 மே 4 அன்று கோட்டை விழுந்தபின் திப்புவின் சிம்மாசனத்தைக் கொள்ளைப் பங்குக்காகத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அதன் உச்சியில் இருந்த ஹூமா பறவை இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில். சிம்மாசனத்தின் புலித் தலைகளில் ஒன்று வேல்ஸில் போவிஸ் கோட்டையில். அலங்காரங்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி கிடைத்தது, சிம்மாசனம் இல்லை. பறவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

கூலி விஷயம் மனதை உறுத்துகிறது. பேரன் நல்ல மனிதர். ஆனால் இங்கிலாந்தின் புரூக்ஸ் தோல் சீட்டுக்கு, கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்தவர், பறவைக்குப் பேரம் பேசினார். "பழைய குடம்தானே" என்பது அவர் வாதம். குடம் பழையதுதான், பகல் முழுக்கக் குனிந்திருந்த முதுகும் சத்தம் கேட்டு நிறுத்திய காதும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆச்சாரியின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கடைசியில் பாய் தன் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆச்சாரி கேட்டதை முழுசாக வாங்கிக் கொடுத்தார்.

பறவையை மாட்டும்போது பாய் மட்கார்டில் புதிதாக ஓட்டை போடவில்லை. பழைய இரண்டு ஓட்டைகளிலேயே சின்ன போல்ட் கொடுத்தார். நாளைக்கு வண்டி யார் கைக்குப் போனாலும், வேண்டாமென்றால் ஸ்பேனரால் கழற்றிக்கொள்ளலாம், வண்டிக்குக் காயமில்லை. அதற்குள் ஆச்சாரி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்: பழைய பம்ப் ஸ்டவ்வின் பித்தளை டேங்க் ஒன்றை அறுத்து, ஒரு பழைய ஹெர்குலிஸின் டைனமோ விளக்குக்குத் தொப்பி.