சதுரச் சாவி

சரஸ்வதி பூஜையன்று ஆயுதங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாளே திருப்புளியால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறோம். குறட்டால் ஆணி அடிக்கிறோம். இதைப் பெரிய பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. பாவத்தின் பலனை மட்டும் வேறு யாரோ அநுபவிக்கும்படி ஆகிவிடுகிறது.

என் மாமனார் காலமான பிறகு அவருடைய பழைய கார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன்; அதே வண்டியை வைத்திருக்கும் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பும். "வித்துடலாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் என் மனைவி. நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

முனகியது டிபரன்ஷியல். திருப்பத்தில் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்தது குறைவாக. மாட்டு வண்டியில் இது ஒரு பிரச்னையே அல்ல. இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. மோட்டார் வண்டியிலோ எஞ்சின் இரண்டையும் சேர்த்துத் தள்ளவும் வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடவும் வேண்டும். இந்தக் குடும்பத் தகராற்றைத் தீர்த்து வைப்பதுதான் டிபரன்ஷியலின் வேலை. அதிலுள்ள பற்கள் சுழல்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், சாதாரண எண்ணெய் நசுங்கி விலகிவிடும். கந்தகச் சேர்க்கை உள்ள கியர் ஆயில்தான் தாங்கும். அதன் வாசனை கையை விட்டுப் போக இரண்டு நாளாகும். அதை 90 நம்பர் என்பார்கள். எஞ்சின் ஆயில் 40 தானே, இது இரு மடங்கு கெட்டி போலும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். உண்மையில் கெட்டித்தன்மை ஏறக்குறைய ஒன்றுதான்.

மெக்கானிக் வந்து வண்டிக்கடியில் படுத்தார். எண்ணெயை வடிக்கும் பிளக் கீழே. எண்ணெய் விடும் பிளக் மேலே. அவர் கை கீழே போனது. "முதலில் மேலேயுள்ளதைத் திறந்து பாருங்கள்" என்றேன். கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, பிறகு மேலேயுள்ளது திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

மேல் பிளக்கின் நடுவில் சதுரமாக ஒரு பள்ளம். அரை அங்குலக் கைப்பிடி உள்ளே நுழையவில்லை. எட்டில் மூன்று அங்குலம் நுழைந்து கடகடவென்று ஆடியது. நாலு மூலைகளும் முன்னமே பாதி தேய்ந்திருந்தன. எத்தனையோ வருஷங்களாக யார் யாரோ பொருந்தாத ஆயுதத்தால் நெம்பிய அடையாளம்.

"உளி வெச்சு நாலு தட்டு தட்டினா தானா வரும் சார்" என்று மெக்கானிக் சுத்தியலை எடுத்தார். வார்ப்பிரும்புக் கூட்டில் கீறல் விழுந்தால் அதற்கு மாற்றுக் கிடையாது. வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி உளியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். "இன்றைக்கு வேண்டாம்" என்றேன். அவருக்குக் கோபம்தான்.

இளக்கிய மெழுகைப் பள்ளத்தில் அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் பளபளக்கும் பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள், எல்லாம் மில்லிமீட்டர். இந்த அளவுக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் திருகு மரைகளுக்கு ஒரே ஒழுங்கு வகுத்தார். மகா உபகாரம். ஆனால் அவர் வழி வந்த ஸ்பானரில் பொறித்திருப்பது போல்ட்டின் குறுக்களவு, ஸ்பானர் வாயின் அகலம் அல்ல. கால் அங்குலம் என்று போட்டிருக்கும் ஸ்பானரின் வாய் அரை அங்குலத்துக்கும் சற்று மேல்! பிறகு வாயின் அகலத்தையே பொறிக்கும் முறை வந்தது. அப்புறம் மில்லிமீட்டர் வந்தது. பழைய வண்டிக்காரனுக்கு மூன்று பாஷைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் புதுப்பேட்டையில், கழற்றிப் போட்ட கார் கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெழுகைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை அங்குலச் சதுர இரும்புக் கட்டை ஒன்றை எடுத்து ஒரு முனையைச் சாணையில் தேய்த்தார். பிறகு அரத்தால் ராவினார். ராவுவதும் அளப்பதுமாக முக்கால் மணி நேரம். மெழுகைவிட ஒரு மயிரிழை கூடுதலாகவே நிறுத்தினார்.

"கொஞ்சம் பெருசா இருக்கே, ஐயா?"

"இறுக்கமா போய் உக்காரணும், தம்பி. ஆடுச்சுன்னா அது சாவி இல்ல, கடப்பாரை."

நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக்கைச் சமாதானப்படுத்தி மறுபடி அழைத்து வந்தேன். கட்டையைப் பள்ளத்தில் வைத்து லேசாகத் தட்டினார். அது போய் உட்கார்ந்த சத்தமே தனி. மறுமுனையில் ஸ்பானரை மாட்டி, அதற்கு ஒரு பைப்பைச் செருகி இழுத்தார். 'டக்' கென்று பிளக் இளகியது. உடனே அதைத் திரும்ப முடுக்கச் சொல்லி, எண்ணெய் சூடாகட்டும் என்று பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தோம். சூடான எண்ணெய்தான் அழுக்கோடு வடியும். கருகருவென்று வந்தது, வெயிலில் வெள்ளிப் பொடி மினுமினுத்தது. பல் உடைந்த துண்டு ஏதேனும் உண்டா என்று விரலால் துழாவிப் பார்த்தேன். இல்லை. கீழ் பிளக்கை மூடி, மேல் துவாரத்தின் விளிம்பில் வழியும்வரை புது எண்ணெய் விட்டோம்.

முனகல் அடியோடு நிற்கவில்லை. பாதியாகக் குறைந்தது. மெக்கானிக் பேரிங்கைச் சந்தேகிக்கிறார். "அது இருக்கட்டும். அப்பாவும் இப்படித்தான் முனகிண்டே எல்லா வேலையும் செய்வார்" என்கிறாள் என் மனைவி.

சாவி இப்பொழுது மெக்கானிக்கிடம் இருக்கிறது. இன்னொரு வண்டிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். இரண்டு வாரம் ஆகிறது.